வாசகர் கேள்வி–பதில்: குளிர்கால இங்கிலாந்தில் ஒருநாள் பயணங்கள்

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும் அங்கேயே குடியிருப்பவர்களும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய பழைய ஊர்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை அவனோடு தங்கப் போகிறோம். இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்கக் கோடைதான் ஏற்றது, குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான் என்கிறார்கள். உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: பாதிதான் உண்மை. அங்கே உங்களைக் கட்டிப்போடுவது குளிரைவிட வெளிச்சக் குறைவுதான். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் லண்டனில் காலை 8 மணிக்குச் சற்றுப் பின்னரே சூரியன் எழும். மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். முழுப் பகலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. ஜூன் மாதத்தில் பதினாறரை மணி நேரப் பகலை நம்பிப் போடப்படும் திட்டத்தை அப்படியே டிசம்பருக்கு எடுத்துச் சென்றவர்கள்தாம், எதையும் பார்க்கவில்லை என்று திரும்பி வந்து குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பகல் இருக்கும்போது வெளியில் நின்று பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குமேல் கூரைக்குக் கீழே பார்க்க வேண்டியவற்றுக்குள் நுழைந்தால், எட்டு மணி நேரம் ஓர் ஊருக்குத் தாராளமாகப் போதும். நீங்கள் தங்கும் ஜனவரி கடைசியில் அஸ்தமனம் ஏறக்குறைய ஐந்து மணிக்குத் தள்ளிப் போயிருக்கும்.

பனிப்பொழிவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தெற்கு இங்கிலாந்தில் பனி விழுந்து தரையில் தங்கும் நாட்கள் குறைவு. பெரும்பாலும் ஏழெட்டு டிகிரிப் பகல், ஈரக்காற்று, விட்டுவிட்டுத் தூறல், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர்களுக்குக் குளிர்காலம் தருகிற ஒன்றைக் கோடை தருவதில்லை. டிசம்பரில் உச்சிப்பொழுதிலும் சூரியன் லண்டனில் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி உயரத்தைத்தான் எட்டும். நாள் முழுவதும் வெயில் பக்கவாட்டிலிருந்தே விழுவதால், வானம் தெளிந்திருந்தால் கற்சுவரில் செதுக்கிய ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும். கோடையில் இலைகள் மறைத்திருந்த பேராலயங்களும் மாளிகைகளும் மொட்டை மரங்களுக்கு இடையில் முழுதாகத் தெரியும்.

கேள்வி: பெற்றோருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அதிகம் நடக்க முடியாது. ஒரே ஓர் ஊருக்குத்தான் அழைத்துப் போகலாம் என்றால் எந்த ஊர்? (வாசகர், லண்டன் ஈஸ்ட் ஹாம்)

பதில்: வின்செஸ்டர் என்பேன். கேன்டர்பரியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். 1170ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்ட பேராலயம் அங்கே இருப்பதால் அதுவும் குளிர்காலத்துக்குப் பொருத்தமான ஊர்தான். ஆயினும் வின்செஸ்டரில் குளிர்காலத்துக்கென்றே ஒரு காட்சி இருக்கிறது.

அங்குள்ள பேராலயத்தின் அடியில் நார்மன் காலத்து நிலவறை ஒன்று உண்டு. மழை மாதங்களில் நிலத்தடி நீர் ஏறி அந்த அறைக்குள் தேங்கிவிடும். ஆன்டனி கோர்ம்லி என்ற சிற்பி 1986இல் செய்த ஆளுயர மனித உருவம் ஒன்று அதற்குள் நிற்கிறது. இரு கைகளையும் குவித்து, அதில் ஏந்திய நீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் உருவம். தண்ணீர் ஏறிய நாட்களில் அந்த உருவமும் வளைந்த கல் தூண்களும் நீரில் தலைகீழாகத் தெரியும். பார்வையாளர் மேடையில் நின்று பார்க்கலாம். நிலவறைக்குள் சுற்றி நடக்க வேண்டியதில்லை என்பதால் உங்கள் பெற்றோருக்கு அதிகச் சிரமம் இராது. கோடையில் நீர் வற்றியிருக்கும்போது பார்த்தவர்களுக்கு அது வெறும் நிலவறைச் சிலைதான்.

இந்த நீர் ஒரு காலத்தில் பேராலயத்தையே விழுங்கப் பார்த்தது. கிழக்குப் பகுதியின் அஸ்திவாரம் சேற்று மண்ணில் மரத்தடிகளைப் பரப்பி எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் அமிழ்ந்து பிளக்கத் தொடங்கியபோது, அடியில் தோண்டிய குழிகளிலெல்லாம் தண்ணீர் நிறைந்தது. இறைத்துவிட்டு வேலை செய்தால் கட்டடமே சரிந்துவிடும் என்ற நிலை. வில்லியம் வாக்கர் என்ற ஆழ்கடல் மூழ்குநர் 1906 முதல் 1911 வரை, கனத்த உடையோடு அந்தக் கலங்கல் நீரில் இறங்கி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில் கையால் தடவித் தடவியே ஆயிரக்கணக்கான கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அஸ்திவாரத்தைத் தாங்க வைத்தார். அவருக்குப் பிற்காலத்தில் வைத்த சிலையில் தவறுதலாக அந்தப் பணியின் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸின் முகத்தைச் செதுக்கிவிட்டார்கள் என்பதும், பிறகு அதை மாற்றினார்கள் என்பதும் தனிக்கதை.

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நிலையம் மேட்டிலும் பேராலயம் தாழ்விலும் இருப்பதால் போகும்போது நடந்து இறங்குங்கள். வரும்போது டாக்ஸி பிடித்துவிடுங்கள். வழியிலேயே கோட்டையின் எஞ்சிய பெரிய மண்டபம் இருக்கிறது. ஆர்தர் அரசனுடையது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட வட்ட மேசை அதன் சுவரில் தொங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பலகை அது. மேலே உள்ள வண்ணம் எட்டாம் ஹென்றி காலத்தது. நடக்கத் தெம்பிருந்தால் ஆற்றோரப் புல்வெளி வழியாக ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டரில் செயின்ட் கிராஸ் என்னும் பன்னிரண்டாம் நூற்றாண்டு அறச்சாலையை அடையலாம். வழிப்போக்கர் கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் சிறு குவளை ஏல் என்னும் பியரும் தரும் பழைய வழக்கம் இன்னும் அங்கே தொடர்கிறது. நம் சத்திரங்களை அறிந்தவர்களுக்கு அந்த வாசலில் நின்று கேட்கக் கூச்சம் இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்டோன்ஹெஞ்ச், பாத், கூடவே ஒரு கிராமம் என மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துச் சுற்றுலா விளம்பரம் பார்த்தேன். டிசம்பர் கடைசி வாரத்தில் போகலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். அந்தப் பகலின் பெரும்பகுதியைப் பேருந்தின் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால்தான் கழிப்பீர்கள். மூன்றாவது இடத்தை இருட்டில் காட்டுவார்கள்.

ஸ்டோன்ஹெஞ்சையும் பாத்தையும் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு சாலிஸ்பரி வழியாகப் போங்கள். வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரிக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அந்தக் கற்கள் கோடையின் நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசையில் நிறுத்தப்பட்டவை என்பது பலருக்கும் தெரியும். அதே கோட்டின் மறுமுனை, ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று சூரியன் மறையும் திசை. அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றிப் பற்களை ஆராய்ந்தவர்கள், வசந்த காலத்தில் பிறக்கும் பன்றிகளில் பல ஏறத்தாழ ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு, மக்கள் அங்கே கூடி விருந்துண்டது நடுக்குளிர்காலத்தில்தான் என்று கருதுகிறார்கள். ஆகவே கட்டியவர்களுக்கே முக்கியமாக இருந்த பருவத்தில்தான் நீங்கள் போகிறீர்கள். ஆனால் கடைசி அனுமதி மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிடும் என்பதையும், வெட்டவெளிக் காற்று ஈவிரக்கமின்றி அடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். காலையில் கற்களைப் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் சாலிஸ்பரி பேராலயத்துக்குத் திரும்பினால், 123 மீட்டர் உயரமுள்ள, பிரிட்டனிலேயே மிக உயர்ந்த கூம்புக் கோபுரத்தையும், அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்றையும் பார்க்கலாம்.

பாத் நகரத்துக்கு வேறொரு நாள் லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். பூமிக்கடியிலிருந்து 46 டிகிரி வெப்பத்தில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் நீர் ஊறிவரும் ரோமானியக் குளத்தில், காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக ஆவி எழும். கோடையில் அது வெறும் பச்சைத் தண்ணீர். அந்தக் குளத்தில் குளிக்க முடியாது. கை வைக்கவும் கூடாது. குளித்தே தீர வேண்டும் என்றால் அதே ஊற்று நீரைப் பயன்படுத்தும் வேறு நவீனக் குளியலகம் அருகிலேயே உண்டு. கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் வார இறுதிகளில் மட்டும் போகாதீர்கள்; தேர்த்திருவிழாக் கூட்டத்தில் சிக்கியது போலாகிவிடும்.

கேள்வி: நான் தமிழாசிரியை. ஆக்ஸ்போர்டில் ஜி.யு. போப் கல்லறை இருக்கிறதாமே? "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று அதில் பொறித்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. (வாசகி, சென்னை)

பதில்: கல்லறை இருக்கிறது. நீங்கள் சொல்லும் வாசகம் இல்லை. மேடைகளில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி அது. நானும் பள்ளியில் கேட்டு நம்பியவன்தான். கல்லில் உள்ளது வேறு: தென்னிந்தியாவில் பணியாற்றிய போப், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சமயகுரு என்ற விவரங்களோடு, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்ததாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இல்லாத வரியைவிட, இங்கிருந்து சென்ற நண்பர்களின் அன்பைச் சொல்லும் இந்த வரி எனக்கு மேலாகவே படுகிறது.

1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப் காலமானது 1908 பிப்ரவரி 11 அன்று. ஆகவே பிப்ரவரியில் போனால் நினைவு நாளை ஒட்டியே போகலாம். வால்டன் தெருவில் கட்டடங்களுக்கு இடையே ஒரு சந்தின் கோடியில் உள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர் இருக்கிறார். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். ஈரப்புல்லும் பாசி பிடித்த கற்களும் வழுக்கும்.

மாலையில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1683இல் தொடங்கப்பட்டது, அனுமதி இலவசம். 1967இல் ஏலத்தில் வாங்கப்பட்ட ஒரு திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை தொடர்பாகத் தமிழ்நாட்டிலும் இந்த அருங்காட்சியகத்தின் பெயர் அடிபட்டது. அது 1957இல் தமிழகக் கோயில் ஒன்றில் இருந்ததைக் காட்டும் புகைப்படம் கிடைத்ததைத் தொடர்ந்து, சிலையைத் திருப்பித் தரப் பல்கலைக்கழக மன்றம் 2024இல் இசைந்தது.

கேள்வி: காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களைக் கார் இல்லாமல் பார்க்க முடியுமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: வார நாளில் முடியும், ஞாயிற்றுக்கிழமையில் நம்ப முடியாது. முன்பொரு குளிர்கால ஞாயிறன்று, காலையில் கிடைத்த வண்டி மாலையிலும் கிடைக்கும் என்று நம்பி ஒரு கிராமத்தில் இறங்கினேன். திரும்பும் வண்டி திங்கட்கிழமைதான் என்று நிறுத்தத்துக் கால அட்டவணை சொன்னபோது மணி மூன்றரை. டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தில் லண்டனுக்கு இன்னொரு முறை போய் வந்திருக்கலாம். அன்றிலிருந்து, திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்த பிறகே போகும் பேருந்தில் ஏறுகிறேன்.

பாடிங்டனிலிருந்து மோர்டன்-இன்-மார்ஷ் வரை ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து ஸ்டோ, போர்ட்டன் பக்கம் பேருந்துகள் உண்டு. இந்த ஊர்களின் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகளும் அளவுக்கு மீறிய பெரிய தேவாலயங்களும் ஆட்டுக் கம்பளி வணிகத்தில் வந்த செல்வத்தால் எழுந்தவை. சிப்பிங் கேம்டனில் 1627இல் கட்டிய சந்தை மண்டபம் இன்றும் தெருவின் நடுவே நிற்கிறது. பிபரியில் எல்லோரும் படமெடுக்கும் ஆர்லிங்டன் ரோ, பதினான்காம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக இருந்து பின்னர் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. அந்த வீடுகளில் இப்போதும் மனிதர்கள் வசிக்கிறார்கள். சன்னலில் முகம் வைத்துப் பார்க்காதீர்கள்.

வயல்களின் ஊடாகச் செல்லும் பொது நடைபாதைகளில் யாரும் நடக்கலாம். தனியார் நிலமாயினும் வழி பொதுவானது. திறந்த படலை அப்படியே மூடிவிட்டுப் போக வேண்டும் என்பதே நிபந்தனை. ஜனவரியில் அந்தப் பாதைகள் நாற்று நடத் தயாரான வயலைப் போல இருக்கும். அரை மணி நேர நடை என்று பலகை சொன்னால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காரில் போகிறவர்கள், காலையில் கண்ணாடி முழுவதிலும் உள்ள உறைபனியைச் சுரண்டிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் நண்பகல் வரைகூடக் கிடக்கும்.

கேள்வி: கட்டடங்கள் பார்த்துச் சலித்துவிட்டது. குளிர்காலத்தில் இயற்கைக் காட்சி என்று ஏதேனும் உண்டா? (வாசகி, கேம்பிரிட்ஜ்)

பதில்: நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் ஈலி. அதற்கு அப்பால் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்மயுடன் சதுப்பு நிலத்தை வடிக்கத் திட்டமிட்ட இரண்டு நேர்க்கோட்டு வாய்க்கால்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட பட்டையை, குளிர்கால வெள்ளத்தைத் தேக்கவே விட்டு வைத்தார்கள். வயல்கள் நீரில் மூழ்கும் அந்த மாதங்களில் ஐஸ்லாந்திலிருந்து ஊப்பர் அன்னங்கள் ஆயிரக்கணக்கிலும், ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து பியூயிக் அன்னங்கள் அதைவிடக் குறைவாகவும் வந்து தங்குகின்றன. வெல்னி சரணாலயத்தில் கண்ணாடி அடைத்த கூடத்துக்குள் இருந்து பார்க்கலாம். பகலெல்லாம் வயல்களில் மேய்ந்த பறவைகள் பொழுது சாயும் வேளையில் கூட்டம் கூட்டமாக நீரில் இறங்குவதுதான் காண வேண்டியது. பேருந்தை நம்ப வேண்டாம். ஈலியிலிருந்து டாக்ஸியை இரு வழிக்கும் பேசிக்கொள்ளுங்கள்.

கட்டடம் சலித்தாலும் ஈலி பேராலயத்தை விட்டுவிடாதீர்கள். 1322இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்த இடத்தில் எண்கோணக் கூடு ஒன்றை எழுப்பினார்கள்; அதன் உச்சி மரத்தால் ஆனது. தட்டையான வெளியில் அந்தப் பேராலயம் கப்பல் மிதந்து வருவது போலத் தொலைவிலேயே தெரியும். பிப்ரவரியானால் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆங்கிள்சி அபே தோட்டத்தில் நூற்றுக்கணக்கான வகை ஸ்னோட்ராப் பூக்களும், வெள்ளைப் பட்டை இமாலய பர்ச் மரத் தோப்பும் காத்திருக்கும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளை யார்க் நகருக்கு அழைத்துப் போகலாமா? (வாசகர், லண்டன் ஹாரோ)

பதில்: டிசம்பர் 25 அன்று நாட்டில் ரயிலே ஓடாது, 26 அன்றும் மிகச் சில தடங்களில் மட்டும்தான். விடுமுறையை ஒட்டிய நாட்களில் தண்டவாளப் பணி நடக்கும் என்பதால் முந்தைய நாள் மாலையில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மற்றபடி, கிங்ஸ் கிராஸிலிருந்து இரண்டு மணி நேரத்தில் யார்க். முன்பதிவுச் சீட்டும் குடும்ப ரயில் அட்டையும் இல்லாமல் அன்றே நிலையத்தில் வாங்கினால் கட்டணம் கையைச் சுடும்.

வடக்கே போகப் போகப் பகல் இன்னும் குறையும் என்பதால் முதலில் நகரைச் சூழ்ந்த பழைய மதில் மேல் நடந்துவிடுங்கள். மொத்தம் 3.4 கிலோமீட்டர், தரை உறைந்திருந்தால் பூட்டிவிடுவார்கள். பிறகு நிலையத்துக்குப் பின்னாலேயே உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டி நீராவி எஞ்சின்களின் உலக சாதனையைப் படைத்த மல்லார்ட் அங்கே நிற்கிறது. பிள்ளைகளை வெளியே இழுத்து வருவதுதான் கடினம்.

கேள்வி: அம்மா புடவை தவிர வேறெதுவும் உடுத்த மாட்டார், சுத்த சைவம். குளிருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: புடவைக்குள் தெர்மல் கால்சட்டை, மேலே கழுத்து மூடிய கம்பளிச் சட்டை, அதற்குமேல் காற்றும் நீரும் புகாத நீண்ட கோட்டு. கொசுவத்தை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்; ஈரமான ஓரம் நாள் முழுக்கக் காயாது. செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். இறுக்கமான ஒரு கனத்த உடையைவிடக் கழற்றிப் போடக்கூடிய மூன்று மெல்லிய உடைகள் மேல், ஏனெனில் அருங்காட்சியகங்களுக்குள் வெதுவெதுப்பாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு, சுட்ட உருளைக்கிழங்கில் பீன்ஸோ சீஸோ வைத்துத் தருவது எந்த ஊரிலும் கிடைக்கும். சூப் காய்கறியில் செய்ததாயினும் இறைச்சிச் சாறு சேர்த்ததா என்று கேளுங்கள். மின்ஸ் பை என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்தில் உலர்பழம்தான் இருக்கும், ஆனால் மாட்டுக் கொழுப்பில் செய்பவர்களும் உண்டு. "வீகன்" என்று கேட்டுவிட்டால் விளக்கம் சொல்லும் வேலை பாதி குறையும். கிராமத்துப் பப்களில் இரண்டு, இரண்டரை மணிக்கே மதிய அடுப்பு அணைந்துவிடுவது வழக்கம் என்பதால் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு மணிக்கு இருட்டிய பிறகு அந்த ஊர்களில் என்னதான் செய்வது? உடனே ரயிலேறிவிட வேண்டியதுதானா? (வாசகர், லண்டன் கிராய்டன்)

பதில்: ஏறிவிடாதீர்கள். பகலில் கட்டணம் வாங்கும் பேராலயங்களில்கூட மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. ஈவன்சாங் என்று பெயர். வார நாட்களில் பெரும்பாலும் ஐந்தரை மணியளவில் தொடங்கும், முக்கால் மணி நேரம் நடக்கும். எந்தச் சமயத்தவரும் போய் அமரலாம். எழுந்து நிற்கும்போது எழுந்து நின்றால் போதும், வேறொன்றும் எதிர்பார்க்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பாடகர் குழுவுக்குச் சில நாள் விடுமுறை இருக்கும் என்பதால் ஜனவரி முதல் வாரத்தில் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் முன்னதாகப் போனால், பாடகர்கள் அமரும் மர இருக்கைகளுக்குப் பக்கத்திலேயே உங்களுக்கும் இடம் காட்டக்கூடும். தொலைவில் தூண்களெல்லாம் இருளில் இருக்க, அந்த ஒரு பகுதியில் மட்டும் விளக்கெரியும். சிறுவர்களின் குரல் எழுந்து கல் வளைவில் பட்டு எதிரொலித்து அடங்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் அடுத்த வரி தொடங்கியிருக்கும். ஜூன் மாதத்தில் இதே வழிபாடு நல்ல வெயிலில் நடக்கும். கையுறையைக் கழற்றாமலே உட்காருங்கள். அந்தக் கற்களுக்கு வெப்பமூட்டி எந்த ஊரிலும் கட்டுப்படியாகவில்லை.